பிராசஸர் சூடும் தண்ணீர்க் கூலரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியைத் தாங்களே பொருத்திக்கொள்பவர்களும், கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ பினாங்கு கொம்தார் பக்கத்துக் கடைகளிலோ பொருத்தி வாங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். நேரம் இல்லாதவர்கள் 3, 15 இரண்டையும் மட்டுமாவது படித்துவிடுங்கள். மற்ற பதில்களில் பாதி அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. தண்ணி கூலர் தண்ணி கூலர்ங்கிறாங்க, உள்ள என்னதான் நடக்குது?

பிராசஸரின் மேல் ஒரு செம்புத் தகடு அழுத்தி உட்காருகிறது. அதன் உட்புறத்தில் மிக மெல்லிய பள்ளங்கள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கும். பம்ப் அந்தப் பள்ளங்களுக்குள் திரவத்தைத் தள்ளுகிறது. சூட்டை வாங்கிக்கொண்ட திரவம் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது, அங்கே காற்றாடிகள் அந்தச் சூட்டை அறைக் காற்றில் விடுகின்றன, ஆறிய திரவம் திரும்பி வருகிறது. அவ்வளவுதான்.

தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடி வருவது ஏஐஓ (ஆல்-இன்-ஒன்). பம்ப், ரேடியேட்டர், குழாய் என்று தனித்தனியாக வாங்கி நாமே திரவம் ஊற்றிக்கொள்வது கஸ்டம் லூப். இங்கே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஏஐஓ பற்றியவை. கஸ்டம் லூப்புக்கு 19-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

2. தண்ணி ஓடுறதால ரூம் சூட்டைவிட ஜில்லுன்னு இருக்கும்தானே?

இருக்காது. ரேடியேட்டரை ஆற்றுவதே அறைக் காற்றுதான். காற்று 31 டிகிரியில் இருந்தால் தண்ணீர் ஒருபோதும் 31-க்குக் கீழே இறங்காது. கணினி வேலை செய்யும்போது எப்போதும் அதற்குச் சில டிகிரி மேலேதான் நிற்கும். அறையைவிடக் குளிராக வேண்டுமென்றால் குளிர்பதனப் பெட்டிக்குள் இருப்பதுபோன்ற கம்ப்ரஸரோ, மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தகடோ வேண்டும். அவற்றை இந்த ஊர் ஈரப்பதத்தில் ஏன் தொடக்கூடாது என்பது 17-ஆம் கேள்வியில் இருக்கிறது.

3. யூடியூப்ல அதே கூலருக்கு 64 டிகிரிதான் காட்டுறாங்க. எனக்கு 75 வருது. கடைக்காரர் போலியைக் கொடுத்துட்டாரா?

பெரும்பாலும் கூலர் சரியாகத்தான் இருக்கிறது. அந்தச் சோதனைகளை 20, 22 டிகிரியில் வைத்த அறையில் செய்கிறார்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பகல் வெப்பம் சாதாரணமாக 31 முதல் 33 டிகிரி. அறை 10 டிகிரி கூடினால் தண்ணீரும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும், சிப்பும் கூடும். கூலரின் திறமை மாறவில்லை, அது நிற்கும் தரை உயர்ந்திருக்கிறது.

அதனால் ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று எண்கள் வேண்டும்: அறைச் சூடு, தண்ணீர்ச் சூடு, சிப்பின் சூடு. அறை 31, தண்ணீர் 41, சிப் 78 என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள 10 டிகிரி வித்தியாசம் ரேடியேட்டரும் காற்றாடிகளும் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்கிறது. சிப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள 37 டிகிரி வித்தியாசம் பேஸ்ட் (சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் பூசும் களிம்பு), தகட்டின் அழுத்தம், பம்பின் ஓட்டம், சிப்பின் அமைப்பு ஆகியவற்றைச் சொல்கிறது. இரண்டும் தனித்தனிக் கதைகள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது மாறாது.

அறைச் சூட்டைக் கணினியின் காற்று உள்ளே போகும் பக்கத்தில், தரையிலிருந்து அதே உயரத்தில் அளக்க வேண்டும். சுவரில் தொங்கும் கடிகாரத் தெர்மாமீட்டரோ குளிர்சாதன ரிமோட்டில் தெரியும் எண்ணோ உதவாது. மேசைக்கு அடியில் பெட்டி அடைந்து கிடந்தால் அங்கே அறையைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாக இருப்பது சர்வசாதாரணம்.

4. நம்ம ஊர் வெயிலுக்கு இந்தச் சிப்பெல்லாம் தாங்குமா? குளிர் நாட்டுக்குச் செஞ்சதுதானே?

தாங்கும். ஒரு சிப்பின் உச்ச வரம்பு சிலிக்கானுக்கு வகுத்தது, ஊருக்கு வகுத்தது இல்லை. இன்டெல் 1972-லேயே பினாங்கில் ஆலை திறந்தது. அங்கே பொதியிடுவதும் சோதிப்பதும் இன்றுவரை நடக்கின்றன. வெளியே 33 டிகிரி என்பதால் வரம்பு குறைவதில்லை. வரம்பைத் தொடுவதற்கு நமக்கிருக்கும் இடைவெளிதான் குறைகிறது.

5. சூட்டை எதுல பார்க்குறது? டாஸ்க் மேனேஜர்ல காணோமே.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டைக் காட்டும், பிராசஸரின் சூட்டைக் காட்டாது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற இலவச மென்பொருளை இறக்கி, திறக்கும்போது 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் எல்எம்-சென்சர்ஸ் தொகுப்பை நிறுவி 'சென்சர்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் போதும்.

கணினி தொடங்கும்போது விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் தெரியும் எண்ணை ஒப்பிட எடுக்காதீர்கள். பயாஸில் சிப்பின் மின்சேமிப்பு நிலைகள் முழுதாக இயங்காததால், சும்மா இருக்கும் விண்டோஸைவிட அங்கே சூடு கூடுதலாகத் தெரியும். இன்னொன்று: சூடு பார்க்கும் மென்பொருள்களை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று திறக்க வேண்டாம். மதர்போர்டின் சென்சார் சிப்பை எல்லாமே ஒரே சமயத்தில் கேட்டால் பொய்யான எண்கள் வரும். சில வேளை காற்றாடிக் கட்டுப்பாடும் குழம்பும்.

6. திறந்தா நூறு வரி ஓடுது. எந்த வரியைப் பார்க்கணும்?

ஏஎம்டி ரைசன் என்றால் 'சிபியூ டிசிடிஎல்/டிடை' என்ற வரி. இன்டெல் என்றால் 'சிபியூ பேக்கேஜ்', அதோடு 'கோர் மேக்ஸ்'. கூடவே 'பேக்கேஜ் பவர்' என்ற வாட் கணக்கையும் பாருங்கள். வாட் தெரியாமல் சூட்டை மட்டும் பேசுவதில் பயனில்லை. 80 வாட்டில் 80 டிகிரி கோளாறு, 230 வாட்டில் 80 டிகிரி நல்ல கூலர்.

மதர்போர்டு பகுதியில் 'சிபியூ' என்றே இன்னொரு வரி இருக்கலாம். அது மெதுவாக நகரும் வேறு அளவு. சில வரிகள் 127 அல்லது சைபருக்குக் கீழே காட்டும். எதிலும் இணைக்காத சென்சார் முனைகள் அவை, கவலை வேண்டாம். பழைய முதல் தலைமுறை ரைசனில் பெயர் 'எக்ஸ்' என்று முடியும் சிலவற்றுக்கு டிசிடிஎல் எண் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். 1800எக்ஸ் என்றால் 20 டிகிரி கூடுதல். பழைய கணினி வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

7. எத்தனை டிகிரி வரைக்கும் பயப்பட வேண்டாம்?

சிப்பைப் பொறுத்தது. இன்டெல் கோர் 12, 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்புகளுக்கு வரம்பு 100 டிகிரி. ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 90. ரைசன் 7000 வரிசைக்கு 95, அதிலேயே 7800எக்ஸ்3டி-க்கு 89. 9800எக்ஸ்3டி-க்கு 95. வரம்பைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால்தான் கணினி அணையும்.

ரைசன் 7000-இன் பெரிய சிப்புகள் முழுப் பளுவில் 95-ஐத் தொட்டு அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. வீடியோ ரெண்டர் செய்யும்போது அந்த எண்ணைப் பார்த்துப் பதறவேண்டாம். ஆனால் சாதாரண விளையாட்டில் வரம்பைத் தொட்டால், அல்லது சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினால், ஏதோ சரியில்லை.

8. சும்மா இருக்கு, ஆனா 45-லேருந்து 65-க்குத் துள்ளுது, திரும்ப இறங்குது. காத்தாடியும் கூடவே கத்துது.

இயல்புதான். ஒரு உலாவித் தாவலைத் திறந்தால்கூட சிப் ஒரு நொடிக்கு உச்ச வேகத்துக்கு ஏறும். மிகச் சிறிய பரப்பில் சூடு பிறப்பதால் சென்சார் உடனே துள்ளுகிறது. தண்ணீர் அதற்குள் கால் டிகிரிகூட ஏறியிருக்காது. காற்றாடி கத்துவது வீண்.

தீர்வு: காற்றாடியைச் சிப்பின் சூட்டோடு கட்டாமல் தண்ணீரின் சூட்டோடு கட்டுங்கள். தண்ணீர்ச் சென்சார் இல்லாவிட்டால் பயாஸில் காற்றாடியின் 'ஸ்டெப் அப்' தாமதத்தைச் சில நொடிகளுக்குக் கூட்டிவையுங்கள். இங்கே தண்ணீர் கணக்கில் வரம்பு வைக்கும்போது வெளிநாட்டு வழிகாட்டியில் உள்ள எண்களை எடுக்காதீர்கள். அவர்கள் 30 டிகிரியில் காற்றாடியை வேகப்படுத்தச் சொல்வார்கள், நமக்கு அது கணினி அணைந்திருக்கும்போதே உள்ள சூடு. 36 வரை மெதுவாக, 42-இல் நடுத்தரம், 48-இல் முழு வேகம் என்று தொடங்கி, உங்கள் அறைக்கேற்ப ஓரிரு டிகிரி நகர்த்திக்கொள்ளுங்கள்.

9. உண்மையைச் சொல்லுங்க, எனக்குத் தண்ணி கூலர் வேணுமா?

65 வாட் சிப்புகளுக்கு வேண்டாம். ரைசன் 5 7600 போன்றவை அதிகபட்சம் 88 வாட்தான் இழுக்கும், திரவம் இல்லாமல் உலோக இதழ்களும் காற்றாடியும் மட்டும் உள்ள நல்ல ஒற்றைக் கோபுர ஏர் கூலரே போதும். 7800எக்ஸ்3டி விளையாட்டில் அதற்கும் கீழேதான் இழுக்கிறது. ஆனால் அதன் கூடுதல் கேஷ் நினைவகம் கோர்கள் உள்ள சிலிக்கானின் மேல் அடுக்கப்பட்டிருப்பதால் சூடு வெளியே வரத் திணறும். அங்கே இடைவெளி சிப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பதால் பெரிய ரேடியேட்டர் போட்டும் சில டிகிரிதான் குறையும். இரட்டைக் கோபுர ஏர் கூலர் அதற்கு நிறைவான தேர்வு.

253 வாட் வரை போகும் ஐ7-14700கே, ஐ9-14900கே, 230 வாட் வரை போகும் ரைசன் 9 7950எக்ஸ் ஆகியவற்றில் மணிக்கணக்காக ரெண்டர், கம்பைல் வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர்க் கூலர் பொருத்தமானது. ஏர் கூலரில் பம்ப் இல்லை, ஒழுக எதுவும் இல்லை, காற்றாடி நின்றாலும் உலோகம் கொஞ்சம் சூட்டை இழுக்கும். காசு கணக்குப் பார்ப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை எப்போதும் அதுதான்.

10. 240-ஆ 360-ஆ?

அந்த எண் ரேடியேட்டரில் பொருந்தும் காற்றாடிகளின் மொத்த நீளம், மில்லிமீட்டரில்: 120 அளவு இரண்டு என்றால் 240, மூன்று என்றால் 360. 150 வாட் வரை 240 போதும். அதற்கு மேல் 360. பெட்டி இடம் கொடுத்தால் 140 காற்றாடி இரண்டு பூட்டும் 280-ஐயும் பாருங்கள், பரப்பளவில் அது 360-க்கு அருகில் வருகிறது. வாங்கும் முன் ரேடியேட்டர், காற்றாடி இரண்டின் தடிமனையும் கூட்டுங்கள். பொதுவாக 27-ம் 25-ம் சேர்த்து 52 மில்லிமீட்டர். மேலே மாட்டினால் மெமரிக் குச்சிகளின் தலையில் இடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

11. பம்ப் வயரை எங்க குத்தணும்? ஆன் பண்ணா 'சிபியூ ஃபேன் எரர்'னு வருது.

பம்ப் வயர் 'ஏஐஓ பம்ப்' அல்லது 'பம்ப் ஃபேன்' என்று எழுதியிருக்கும் முனைக்கு. ரேடியேட்டர் காற்றாடிகள் 'சிபியூ ஃபேன்' முனைக்கு. அந்த முனையில் எதுவும் சுழலவில்லை என்றால் போர்டு கூலரே இல்லை என்று நினைத்து எரர் காட்டும். அதை 'இக்னோர்' செய்து மறைக்காதீர்கள். ரேடியேட்டர் காற்றாடி நின்றுபோனால் எச்சரிக்கும் ஒரே காவல் பல வீடுகளில் அதுதான்.

பம்பை எப்போதும் முழு வேகத்தில் வைக்கவும். சிப் ஆறியிருக்கும்போது பம்பை மெதுவாக்கும் தானியங்கி வளைவு குமிழியைச் சேர்க்கும், சத்தத்தையும் பெரிதாகக் குறைக்காது. சாட்டா மின் வயரில் ஓடும் பம்புக்குப் போர்டு வயர் வேகத்தைப் படிக்க மட்டும்தான். அதையும் விடாமல் இணையுங்கள்.

12. ரேடியேட்டரை மேல மாட்டுறதா, முன்னால மாட்டுறதா?

மேலே, காற்றை வெளியே தள்ளும்படி. முன்னால் மாட்டினால் சிப் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் அந்தச் சூடான காற்று 300 வாட் கிராஃபிக்ஸ் கார்டின் முகத்தில் அடிக்கும். இந்த ஊர்ச் சூட்டில் அது நல்ல பேரமில்லை.

எங்கே மாட்டினாலும் ஒரு விதியை மீறக்கூடாது: ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மூடிய சுற்றிலும் கொஞ்சம் காற்று இருக்கும், அது உயரமான இடத்தில்தான் தேங்கும். அந்த இடம் பம்பாக இருந்தால் பம்ப் உலர்ந்து ஓடித் தேயும். ரேடியேட்டரைப் பெட்டியின் அடியில் மாட்டுவது இதனால்தான் தவறு.

13. பேஸ்ட் எவ்வளவு வைக்கிறது?

நடுவில் பட்டாணி அளவு ஒன்று, நான்கு மூலைகளை நோக்கிச் சிறு புள்ளிகள். கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது, குறைந்தால்தான் வம்பு. தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கடையில் பொருத்திய கணினிகளிலேயே அது ஒட்டியபடி இருப்பதுண்டு. திருகுகளை ஒன்றை முழுதாக முறுக்காமல், எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். பழைய பேஸ்ட்டைத் துடைக்க மருந்துக் கடை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்.

14. சினிபெஞ்ச் ஒரு தடவை ஓட்டினேன், 72-தான். அப்ப ஓகேதானே?

இன்னும் தெரியாது. தண்ணீர் சூடாக நேரமெடுக்கும். முதல் இரண்டு நிமிடத்தில் நீங்கள் பார்ப்பது பேஸ்ட்டும் பம்பும் எப்படி இருக்கின்றன என்பதை. ரேடியேட்டரின் தராதரம் 20 நிமிடத்துக்குப் பிறகுதான் தெரியும். பிராசஸருக்கு முழுப் பளு கொடுக்கும் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் ஆர்23-ஐ முப்பது நிமிடம் ஓடும்படி வையுங்கள். தண்ணீர்ச் சூடு ஐந்து நிமிடமாக ஒரே இடத்தில் நிற்கும்போது 3-ஆம் கேள்வியின் மூன்று எண்களையும் வாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்பைக் கணினி புதிதாக இருக்கும்போதே எடுத்துவைப்பது மிக முக்கியம். இரண்டு வருடம் கழித்துச் சந்தேகம் வரும்போது ஒப்பிட வேறு எதுவும் உங்களிடம் இருக்காது. குளிர்சாதனத்தை அணைத்து, பிற்பகலில் ஒருமுறை எடுங்கள். மோசமான நேரத்தின் எண்தான் பயன்படும்.

தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் சென்சார் பல ஏஐஓக்களில் உள்ளேயே உண்டு. யூஎஸ்பி வயரைப் போர்டில் குத்தினால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவிலேயே தெரியும். லினக்ஸில் லிக்விட்சிடிஎல் என்ற மென்பொருளில் பார்க்கலாம். இல்லாதவர்கள் 10 கிலோஓம் தெர்மிஸ்டர் வயர் ஒன்றை வாங்கி, ரேடியேட்டரில் குழாய் சேரும் உலோகப் பகுதியில் ஒட்டி, போர்டின் 'டி சென்சார்' முனையில் குத்தலாம். ஓரிரு டிகிரி குறைத்துக் காட்டினாலும் ஒப்பிடுவதற்குப் போதும்.

15. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப திடீர்னு 95 அடிக்குது. பம்ப் போச்சா, பேஸ்ட் போச்சா, காத்தாடியா? எதை மாத்தணும்?

எதையும் வாங்காதீர்கள். முதலில் பம்பின் சுழற்சி எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான ஏஐஓ பம்புகள் நிமிடத்துக்கு 2000 முதல் 3200 சுற்று ஓடும். சைபர் என்றால் வயர் கழன்றிருக்கலாம், இல்லையேல் பம்ப் போய்விட்டது. பம்ப் நின்றால் கணினி ஆன் ஆன ஓரிரு நிமிடத்தில், எந்த வேலையும் இல்லாமலே சூடு வரம்பை நோக்கி ஏறும்.

சுழற்சி எண் சரியாக இருந்தால் அடுத்தது கை. பத்து நிமிடம் பளு கொடுத்துவிட்டு இரண்டு குழாய்களையும் தொடுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் திரவம் ஓடினால், 200 வாட் சூடு அதை மூன்று டிகிரிக்கும் குறைவாகத்தான் ஏற்றும். எனவே ஆரோக்கியமான சுற்றில் இரண்டு குழாய்களும் கிட்டத்தட்ட ஒரே வெதுவெதுப்பில் இருக்கும். ஒன்று கொதித்து மற்றொன்று அறைச் சூட்டில் இருந்தால் ஓட்டம் அடைபட்டிருக்கிறது. பம்ப் சுற்றுகிறது, தண்ணீர் நகரவில்லை. உள்ளே படிந்த கசடு செம்புப் பள்ளங்களை அடைத்தால் இப்படி ஆகும். மூடிய ஏஐஓவில் இதற்குக் கூலரை மாற்றுவதே வழி.

இரண்டு குழாய்களும் ரேடியேட்டரும் நன்றாகச் சூடாக இருந்து, தண்ணீர் அறையைவிட 20 டிகிரி மேலே போயிருந்தால் குற்றவாளி காற்றுப் பக்கம்: தூசி, நின்றுபோன காற்றாடி, திருப்பி மாட்டிய காற்றாடி, மூடிய முன்பக்கக் கண்ணாடி. இதற்குச் செலவு ஒன்றுமில்லை, 18-ஆம் கேள்வி. மாறாக இரண்டு குழாய்களும் ஏறக்குறைய அறைச் சூட்டிலேயே இருந்து சிப் மட்டும் 95 அடித்தால் சூடு தண்ணீரை வந்தடையவே இல்லை: பேஸ்ட் காய்ந்து ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும், அல்லது திருகு தளர்ந்திருக்கும். கழற்றித் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்தால் முடிந்தது. பம்பைக் குறைசொல்லி மாற்றப்பட்ட கூலர்களில் எத்தனையோ இந்தச் சாதாரணக் கோளாறுதான்.

16. ஆன் பண்றப்ப கொடகொடன்னு சத்தம் வருது.

காற்றுக் குமிழி. பெட்டியை அணைத்துவிட்டு முன்னும் பின்னும் சில முறை மெல்லச் சாய்த்தால் குமிழி ரேடியேட்டரின் தலைக்கு ஏறிவிடும். புதிதில் ஓரிரு நாள் கேட்பது இயல்பு. வருடக்கணக்கில் ஓடியதில் புதிதாகத் தொடங்கினால் உள்ளே திரவம் குறைந்திருக்கிறது, 21-ஐப் பாருங்கள்.

17. ஏர்கோன் ரூம்ல வெச்சா கூலர் வேர்த்து போர்டுல சொட்டுமா?

சாதாரணத் தண்ணீர்க் கூலர் வேர்க்காது. எந்தப் பொருளிலும் நீர் பூக்க அது காற்றின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே குளிர வேண்டும். நம் ஊர்க் காற்றின் பனிநிலை பெரும்பாலும் 23 முதல் 25 டிகிரி. 2-ஆம் கேள்வியில் சொன்னபடி ஓடும் கூலரின் தண்ணீர் அறைச் சூட்டுக்கு மேலேயே இருப்பதால் அதில் நீர் பூக்க வழியில்லை.

பெல்டியர், சில்லர் வைத்தால் கதை வேறு. ஐரோப்பாவில் 10 டிகிரி வரை பயமில்லாமல் இறக்குகிறார்கள், இங்கே 24-லேயே குழாய் வேர்க்கத் தொடங்கும். வேண்டவே வேண்டாம். இன்னொரு சூழ்நிலையையும் கவனியுங்கள்: இரவெல்லாம் 18 டிகிரியில் வைத்த அறையில் அணைந்து கிடக்கும் கணினி, காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே வந்தால், உலோகப் பகுதிகளில் மெல்லிய ஈரம் படியலாம். ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் கழித்து ஆன் செய்யுங்கள். குளிர்சாதனத்தை 24-இல் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே பெரும்பாலும் இல்லை.

18. எத்தனை நாளைக்கு ஒருக்கா சுத்தம் பண்ணணும்? சாமி ரூம் பக்கத்துலதான் கம்ப்யூட்டர் இருக்கு.

சாதாரண வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சாமி அறைக்குப் பக்கத்தில் என்றால் மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். ஊதுபத்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் உலர்ந்த தூசி போன்றவை அல்ல. அவற்றில் பிசினும் எண்ணெயும் இருப்பதால் ரேடியேட்டர் இதழ்களில் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் தூசி பிடித்து, ஊதினாலும் போகாத படலமாகிவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்தில் கணினியை அணைத்துவைப்பது எளிய வழி. புகைமூட்டக் காலத்திலும் சோதனையை அடிக்கடி செய்யுங்கள்.

ஊதும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் பேரிங் கெடும். காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து உள்நோக்கி ஊதினால் தூசி வந்த வழியே போகும். பிசின் படலத்துக்குக் காற்றாடிகளைக் கழற்றி, மென்மையான தூரிகையில் ஐசோபுரோப்பைல் தொட்டு இதழ்களின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் இதழ்கள் மடங்கிவிடும். பினாங்கின் பத்து ஃபெரிங்கி போல் கடலை ஒட்டிய ஊர் வீடுகளில் உப்புக்காற்று அலுமினிய இதழ்களையும் திருகுகளையும் அரிக்கும். வெள்ளைப் பொடி தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள், கடல் பக்க ஜன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள்.

19. கஸ்டம் லூப்புக்குக் கார் கடையில விக்கிற பேட்டரி தண்ணி ஊத்தலாமா? ஆர்ஓ மெஷின் தண்ணி?

தனியாக எதையும் ஊற்ற வேண்டாம். 'ஆயர் சூலிங்' என்று விற்கும் காய்ச்சி வடித்த நீரில் துரு தடுப்பு, பாசி தடுப்பு அடர்திரவத்தை அதன் புட்டியில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வரும் கூலன்ட்டை வாங்குங்கள். பேட்டரிக் கடையில் வாங்கினால் அது நீரா அமிலமா என்று லேபிளைப் படித்துவிட்டே தொடுங்கள். ஆர்ஓ நீரில் இன்னும் உப்புகள் மிச்சம் இருக்கும், குழாய் நீரில் குளோரினும் உண்டு. கார் ரேடியேட்டர் கூலன்ட் நச்சுள்ளது, கணினிக்கு உரியதல்ல.

செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு இருக்கும் சுற்றில் அலுமினியத்தைச் சேர்க்காதீர்கள். இரண்டு உலோகங்களும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் கரையத் தொடங்கும். ஏஐஓவில் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும் சேர்ந்திருப்பது, காற்றுப் புகாமல் மூடித் தடுப்பு மருந்தும் கலந்திருப்பதால்தான் தாங்குகிறது. புது ரேடியேட்டரை வடிநீரால் நன்றாக அலசுங்கள். நிரப்பிய பின் மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒருநாள் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ வைத்துப் பாருங்கள். பம்பைத் திரவம் இல்லாமல் ஒரு நொடியும் ஓட்டக்கூடாது. திரவத்தை வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

20. ஒழுகிடுச்சு! என்ன செய்றது?

சுவர் சுவிட்சை அணைத்து மூன்று முள் பிளக்கைப் பிடுங்குங்கள். ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தண்ணீர் பட்டதால் போவதைவிட, ஈரத்தோடு மின்சாரம் கொடுத்ததால் போவதுதான் அதிகம். படம் எடுத்துக்கொள்ளுங்கள், உத்தரவாதக் கோரிக்கைக்கு வேண்டும். பிறகு கிராஃபிக்ஸ் கார்டு, மெமரி எல்லாவற்றையும் கழற்றி, ஈரம் பட்ட இடங்களை ஐசோபுரோப்பைலால் கழுவித் துடைத்து, காற்றாடிக்கு எதிரே இரண்டு நாள் வையுங்கள். இங்கே ஈரப்பதம் அதிகம், ஒரு நாள் போதாது. குளிர்சாதனம் ஓடும் அறை இருந்தால் இன்னும் நல்லது, அது காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும்.

21. எத்தனை வருஷம் வரும்? தண்ணி மாத்தணுமா?

ஏஐஓவைத் திறந்து நிரப்ப வேண்டியதில்லை, பெரும்பாலானவற்றில் வழியும் இல்லை. ரப்பர்க் குழாயின் சுவர் வழியே திரவம் மிக மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும், சூடு கூடினால் வேகமும் கூடும். ஐந்து ஆறு வருடம் நியாயமான ஆயுள். உத்தரவாதம் முடியும் வருடத்தில் 14-ஆம் கேள்வியின் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதே வாட்டில் சிப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் 10 டிகிரி கூடியிருந்தால் முதலில் பேஸ்ட், அது சரியாக்காவிட்டால் உத்தரவாதம் இருக்கும்போதே கோருங்கள்.

22. பெரிய கூலர் வாங்கக் காசில்லை. வேற வழி?

இருக்கிறது, இந்த ஊருக்கு அதுவே மிகச் சிறந்த வழி: சிப்பின் மின் வரம்பைக் குறைப்பது. 7950எக்ஸை பயாஸில் 'ஈகோ மோட் 105 வாட்' ஆக்கினால் உச்ச இழுப்பு 230-லிருந்து 142 வாட்டாக இறங்கும், முழுப் பளு வேலையில் இழப்பு சில விழுக்காடுதான். விளையாட்டில் தெரியவே தெரியாது. சிப்புகள் கடைசிச் சில விழுக்காடு வேகத்துக்காகத்தான் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கின்றன. இன்டெல்லில் பிஎல்1, பிஎல்2 என்ற நீடித்த, குறுகிய நேர மின் வரம்புகள் இரண்டையும் 150 வாட் சுற்றி வைத்துப் பாருங்கள்.

ரைசனில் கூடவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் 'கர்வ் ஆப்டிமைசர்' அமைப்பை எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று தொடங்கலாம். நிலையாக ஓடினால் 15, 20 என்று இறக்குங்கள். சோதனையில் தாங்கி, சும்மா இருக்கும்போது திடீரென்று மறுதொடக்கம் ஆனால் அதிகமாக இறக்கிவிட்டீர்கள் என்று பொருள். குறையும் ஒவ்வொரு வாட்டும் அறைக்குள் விழாத சூடு. கூலர் எதுவாக இருந்தாலும் கணினி இழுக்கும் 500 வாட்டும் கடைசியில் உங்கள் அறையில்தான் இறங்குகிறது, குளிர்சாதனம் அதை மறுபடி காசு கொடுத்து வெளியேற்றுகிறது.

23. என்னுது 14900கே. நல்ல 360 கூலர் போட்டுட்டேன், 80-ஐத் தாண்டல. அந்த 13, 14-ஆம் தலைமுறைப் பிரச்சினை எனக்கு வராதுதானே?

கூலர் அதைத் தடுக்காது. அந்தத் தலைமுறைக் கணினிகள் நிலையில்லாமல் முடங்கியதற்குக் காரணமாக 2024-இல் இன்டெல் கண்டறிந்து அறிவித்தது, சிப் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்குவதால் அதன் உட்சுற்று படிப்படியாகத் தேய்கிறது என்பதே. ஓரிரு கோர்கள் மட்டும் ஓடும் இலேசான வேலையிலும் உயர்ந்த மின்னழுத்தம் போகலாம், அப்போது சூடு 60-ஐக்கூடத் தொடாது. அதனால்தான் தெர்மாமீட்டர் மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாமல் போனது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் 'விகோர்' (சிப்புக்குப் போகும் மின்னழுத்தம்), 'விஐடி' (சிப் கேட்கும் மின்னழுத்தம்) வரிகளின் உச்சத்தையும் பார்க்கப் பழகுங்கள். 1.55 வோல்ட்டுக்கு மேல் அடிக்கடி போனால் பயாஸ் பழசாக இருக்கலாம்.

மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து 0எக்ஸ்12பி மைக்ரோகோட் (சிப்பின் உள் இயக்கத்தைத் திருத்தும் இன்டெல் நிரல்) அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பயாஸை ஏற்றி, 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது மீட்காது. கேம் திறக்கும்போது நினைவகக் குறைபாடு என்று வரும் பிழை, பெரிய கோப்பை விரிக்கும்போது வரும் சிஆர்சி பிழை போன்றவை தொடர்ந்தால் சிப்பையே மாற்றக் கோருங்கள். பெட்டியோடு விற்ற 13, 14-ஆம் தலைமுறைச் சிப்புகளுக்கு உத்தரவாதத்தை இன்டெல் மூன்றிலிருந்து ஐந்து வருடமாக நீட்டியிருக்கிறது. ரசீதையும், பெட்டியில் ஒட்டிய எண்ணின் படத்தையும் பத்திரமாக வையுங்கள்.